விதி தெரிந்தும் கை பழைய பக்கம் போவது ஏன்: சேலத்திலிருந்து ஒன்டாரியோவுக்கு வருபவர்களுக்கு

சேலம், ஓமலூர், ஆத்தூர்ப் பக்கங்களிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் சாலை விதிகளை ஊன்றிப் படித்துவிடுகிறார்கள். எழுத்துத் தேர்விலும் தேறிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் தவறு நேர்கிறது. நான் பார்த்த வரையில் அது முதல் வாரத்தில் நேர்வதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, 'இனிப் பழகிவிட்டது' என்ற எண்ணம் வந்த பிறகுதான் நேர்கிறது.

இதை நான் உணர்ந்தது கனடாவில் அல்ல, ஊரில். கனடாவில் பல ஆண்டுகள் சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகிய பின் விடுமுறைக்கு வந்திருந்த நான், ஒரு நாள் அதிகாலையில் ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, ஹார்ன் அடித்து, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு, ஒரு பிழையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டு மீண்டும் வண்டியை எடுத்தபோது, ஆளில்லாத நேர்ச்சாலையில், என்னை அறியாமலே வலப்பக்கம் ஏறி ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே இருசக்கர வண்டியில் வந்த பால்காரர் ஒருவர் நிறுத்தி, "அண்ணா, இந்தப் பக்கம் வாங்க!" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. அவர் நிதானமாக வந்ததால் இருவரும் தப்பித்தோம்.

வளைவுகளில் தவறாத நான் நேர்ச்சாலையில் ஏன் தவறினேன்? வளைவு ஒவ்வொன்றும் என் முழுக் கவனத்தையும் கேட்டது. நேர்ச்சாலை எதையும் கேட்கவில்லை. கவனம் தளர்ந்த இடத்தில் பழக்கம் தானாகவே வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்யும் பிழையையும், சரியாகத் தெரிந்திருந்தும் கை தவறிச் செய்யும் பிழையையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டினார். புதிதாக வருகிறவர்களை வருத்துவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதற்கு விதிப் புத்தகத்தை மறுபடி படிப்பது மருந்தாகாது. 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவைக் கடந்த வின்ஸ்டன் சர்ச்சில், இங்கிலாந்துப் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்ததால் காரில் அடிபட்டார். அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் ஓடும் என்பது அவருக்குத் தெரியாத செய்தி அல்ல.

ஸ்வீடன் நாடு முழுவதும் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. எல்லோரும் அஞ்சி அஞ்சி ஓட்டியதால் தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. அச்சம் தெளிந்த பிறகு எண்ணிக்கை பழைய அளவுக்கே திரும்பியது. முதல் மாதத்தில் நீங்கள் பிழையின்றி ஓட்டியதை, பழகிவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முற்றிலும் மாறிய விதியைவிட, தோற்றத்தில் ஒன்றாக இருந்து பொருளில் மாறிய விதி இன்னும் ஆபத்தானது. சேலத்தில் எதிரே வரும் லாரி முகப்பு விளக்கைச் சிமிட்டினால் 'நான் வருகிறேன், நில்' என்று பொருள். இங்கே பலர் அதையே 'நீங்கள் போங்கள்' என்று சொல்வதற்குச் சிமிட்டுகிறார்கள். மலைப்பாதையில் ஹார்ன் அடிப்பது மரியாதை. இங்கே அது கோபமாகக் கொள்ளப்படுகிறது. பள்ளிப் பேருந்து நம் ஊரிலும் மஞ்சள் நிறந்தான். ஆனால் ஒன்டாரியோவில் அது சிவப்பு விளக்குகளைச் சிமிட்டியபடி நின்றால், நடுவே தடுப்புத் திட்டு இல்லாத சாலையில், பின்னால் வருகிறவர் மட்டுமல்லாமல் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். தவறினால் அபராதத்தோடு 6 குறைப்புப் புள்ளிகள் (தவறுக்காகப் பதியப்படும் demerit points) உரிமத்தில் ஏறும். ஒரு குழந்தையின் உயிரை எண்ணும்போது அது பெரிதே அன்று.

இன்னொரு வகைப் பிழை, புதியதைப் பழையதாக மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பதால் வருவது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாக மாறியது; 16 அணாக் கணக்கு முடிந்தது. ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) கடைசிவரை எல்லாவற்றையும் அணாவாக்கித்தான் கூட்டிப் பார்ப்பார். ஓர் அணா ஆறேகால் பைசா. கடைக்காரரோ அதை 6 என்று முழுமையாக்குவார். நாலணா 25 பைசா, ஆனால் தனித்தனியாகக் கொடுத்த நான்கு அணாக்கள் 24 பைசா! அந்த ஒரு பைசாவைத் தேடி அவர் பட்ட பாடு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒவ்வொரு டாலரையும் ரூபாயாக்கிப் பார்ப்பவர்கள், குளிர்காலக் காலணியை 'இவ்வளவு விலையா' என்று வாங்காமல் விட்டுவிட்டு, பனியில் வழுக்கி விழுகிறார்கள். டாலரை இங்கே கிடைக்கும் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சேலத்தில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். ஆனால் இரு ஊரிலும் ஓட்டுகிறவருடைய உடல்தான் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும். ஆகவே 'நடுக்கோடு என் பக்கம்' என்பதை மட்டும் நினைவில் வைத்தால் இடம் வலம் என்று குழம்ப வேண்டியதில்லை. அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய நேரம் போக்குவரத்து நெரிசல் அல்ல. நெரிசலில் முன்னே போகும் வண்டியே வழிகாட்டும். பெட்ரோல் பங்கிலிருந்தும் கடை வாகன நிறுத்தத்திலிருந்தும் வெளியேறும் அந்தக் கணத்தில், விடியற்காலையில், இரவுப் பணி முடிந்து களைத்திருக்கும்போது, வாய்விட்டே சொல்லுங்கள். பக்கத்தில் மனைவியோ தம்பியோ இருந்தால் அவர்களும் சொல்லட்டும். முதல் ஓராண்டு முழுவதும் இப்படிச் செய்யுங்கள். ஊருக்கு விடுமுறையில் போய் அங்கே வண்டி எடுக்கும்போதும், திரும்பி வந்து இங்கே எடுக்கும்போதும் முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.