மாடியில் நெட் இழுக்கிறதா? மெஷ் வைஃபையில் முதலில் பார்க்க வேண்டியவை

மதுரையில் வீடுகளுக்கு நெட் வயரிங்கும் கேமராவும் போடுவது என் தொழில். மெஷ் வைஃபை, அதாவது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாகக் கொடுக்கும் செட், வாங்கியவர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "அண்ணே, மூணு பெட்டி வச்சாச்சு, ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. இன்னொரு பெட்டி வாங்கவா?" வாங்க வேண்டாம். வேகம் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட செலவழிக்காதீர்கள்.

ஓஎன்டி (கம்பெனியின் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) வரை வரும் ஃபைபர் லைன், மெயின் பெட்டிக்கும் (ஓஎன்டியோடு இணைத்த மெஷ் பெட்டி) மாடிப் பெட்டிக்கும் இடையிலான தொடர்பு, மாடிப் பெட்டியிலிருந்து போன் வரை என்று நெட் மூன்று கட்டமாக வருகிறது. போனில் தெரியும் சிக்னல் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். மாடிப் பெட்டிக்கே நெட் சரியாக வரவில்லை என்றாலும் அது ஃபுல்லாகத்தான் காட்டும்.

முதலில் லைனைப் பாருங்கள். மற்றவர்கள் எதுவும் ஓட்டாத நேரத்தில் லேப்டாப்பை லேன் வயரால் மெயின் பெட்டியில் செருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பிளானில் சொன்ன வேகத்துக்குப் பக்கத்தில் வந்தால் லைன் சரி. 200 எம்பிபிஎஸ் பிளானில் 94, 95 என்று ஆணி அடித்த மாதிரி நின்றால் கம்பெனிக்குப் போன் போடுமுன் வயரை மாற்றிப் பாருங்கள். லேன் வயருக்குள் எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ் ஓட நாலு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி ஒடிந்தாலும், கிரிம்பிங் (வயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) சரியில்லை என்றாலும் வேகம் 100க்கு இறங்கிவிடும். விலை குறைந்த சில பெட்டிகளில் போர்ட்டே 100தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரே போனை எடுத்துக்கொண்டு மெயின் பெட்டி பக்கத்தில் ஒரு டெஸ்ட், மாடிப் பெட்டி பக்கத்தில் ஒரு டெஸ்ட். கீழே 150, மேலே 20 என்றால் கோளாறு இரண்டு பெட்டிக்கும் நடுவில். நம் ஊர் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

கீழமாசி வீதி பக்கம் ஒரு வீடு. கீழே பலசரக்குக் கடை, மேலே இரண்டு மாடி. அகலம் குறைவு, உள்ளே நீளம். கடையில் மெயின் பெட்டி, முதல் மாடியில் ஒன்று, இரண்டாம் மாடியில் ஒன்று. மூன்றும் வயர் இல்லாமல் ஒன்றையொன்று பிடித்து நின்றன. இப்படித் தொடுத்தால், நடுப் பெட்டி ஒரே ரேடியோவில் (பெட்டிக்குள் சிக்னல் வாங்கிக் கொடுக்கும் பாகம்) வாங்கவும் வேண்டும், அதிலேயே கொடுக்கவும் வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இதற்கென்றே தனி ரேடியோ உள்ள ட்ரை பேண்ட் பெட்டிகளில் இந்த இழப்பு குறைவு, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது அதுவும் தடுமாறும். அந்த வீட்டில் நடுப் பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேறு இருந்தது. அதை எடுத்து மாடிப்படித் திறப்புக்குப் பக்கத்தில் வைத்ததுமே வேகம் ஏறியது. சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே பெட்டியை வைப்பதும் இதே தவறுதான். நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் வையுங்கள்.

இடம் மாற்றியும் போதவில்லையா? பெட்டிக்குப் பெட்டி லேன் வயர் இழுத்துவிடுங்கள். நான்காவது பெட்டியைவிட இது நல்லது என்று அடித்துச் சொல்வேன். சுவரை உடைக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். பழைய கேபிள் டிவி வயர் பைப்புக்குள் போயிருந்தால் அதையே இழுகயிறாக ஆக்கலாம். புது வயரின் முனையை அதோடு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். முடிச்சு போட்டால் வளைவில் சிக்கும், சரிவாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வரும். ஒருவர் மேலிருந்து மெதுவாக இழுக்க, ஒருவர் கீழே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட் 6 ரக லேன் வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி இழுக்கும்போதே ஒடியலாம். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் லேன் வயரை விடவே விடாதீர்கள். இழுத்து முடித்ததும் மெஷ் பெட்டிக்கான போன் ஆப்பில் அந்தப் பெட்டி வயர் வழியாக இணைந்திருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் சரியாக இருந்தும் போன் மட்டும் மெதுவாக இருந்தால், அது கீழ்ப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஓஎன்டியின் சொந்த வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள், போன் அடிக்கடி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். தெரு முழுக்க வைஃபை நிறைந்த இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலாகத்தான் இருக்கும். டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4க்குச் சேனல் தேர்வு செய்ய ஆப் விட்டால் 1, 6, 11 இவற்றில் ஒன்றை எடுங்கள்.

அப்புறம் வெயில். பல பெட்டிகள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரை மொட்டைமாடி அறை அதைத் தாண்டிவிடும். மதியம் மட்டும் மேல் மாடியில் நெட் இழுத்தால், பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, காற்று படும்படி திறந்த அலமாரித் தட்டில் வையுங்கள்.