காசுக்கு விற்கலாமா என்று கூட்டத்தில் சண்டை வந்தால்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் 22 வீடு, கார் நிறுத்த 13 இடம். கார் இல்லாத ஒருவர் தன் இடத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மாத வாடகைக்கு விட்டதும் கூட்டத்தில் பெரிய ரகளை. "இது என்ன சந்தையா?" என்று ஒரு பக்கம், "என்ர இடம், உங்களுக்கென்ன?" என்று மறுபக்கம். கோயில் சபையோ பழைய மாணவர் சங்கமோ, இப்படி ஒரு வழக்கு உங்கள் தலையிலும் ஒருநாள் விழும். விழுந்தால் எப்படிக் கையாள்வது என்று நான் பட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில், உடனே கை உயர்த்தச் சொல்லாதீர்கள். எதிர்ப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் யாருக்கு, என்ன குறைகிறது?

சின்னக் கேள்விதான், ஆனால் பதில் லேசில் வராது. 2022 ஜூலையில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைத்தால். கொழும்பின் காலி வீதியில், பெற்றோல் வரிசையில், இரவு முழுக்கக் காருக்குள் கிடந்தேன். விடியப்புறம் ஒரு ஓட்டோக்கார அண்ணை வரிசை நெடுக நடந்து வந்து என் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, அவசரமா வீட்ட போகவேணும். நாப்பது வண்டிக்கு முன்னால நிக்கிறன், இடத்தை எடுங்கோ, ரெண்டாயிரம் தாங்கோ." கொடுத்தேன். அவர் வண்டியை எடுக்க நான் அந்த இடத்தில் காரை விட்டேன், அவ்வளவுதான், பின்னால் நின்றவர்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு வண்டி போனது, ஒரு வண்டி வந்தது. அவருக்குப் பின்னால் நின்ற யாருக்கும் ஓர் இடம்கூடக் குறையவில்லை, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கோ ஒரு வண்டி மிச்சம். அப்படியென்றால் ஏன் கோபம்? யோசித்துப் பார்த்தால் அதில் இரண்டு கோபம் கலந்திருந்தது. ஒன்று, எல்லோரும் ஒரே மாதிரி நித்திரை முழித்த இடத்தில் நான் மட்டும் பர்ஸைத் திறந்தது. மற்றது, இன்றைக்கு இவர் விற்றால் நாளைக்கு விற்பதற்கென்றே நாலு பேர் வந்து நிற்பார்கள், வரிசை நீளும் என்ற பயம். இரண்டாவது உண்மையான நட்டம், விதி போட்டுத் தடுக்கவேண்டியது. முதலாவதைக் கணக்கால் கரைக்க முடியாது, ஆனால் அதை அலட்சியம் செய்தால் வரிசையே நிற்காது. உங்கள் கூட்டத்திலும் இந்த இரண்டையும் முதலில் பிரித்து எடுங்கள்.

அடுத்தது, தடை போடுவதற்கு முன் விற்கப்படும் பொருளையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். அந்த மாதக் கடைசியில், ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான் எரிபொருள் என்று பங்கிடும் கியூஆர் முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. பங்கு வண்டியோடு ஒட்டிக்கொண்டதால் வரிசையில் இடம் விற்கும் வேலைக்கு மவுசு போனது. (சிலர் தங்கள் பங்கை அடித்து வந்து போத்தலில் விற்றார்கள். வியாபாரம் சாகாது, வீடு மாறும். அதையும் எதிர்பார்த்தே விதி எழுதுங்கள்.)

காசு மட்டும்தான் உறுத்துகிறது என்றால் காசில்லாத கைமாற்று இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்குச் சிறுநீரகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இலங்கையில் 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்க முடியாது. ஈரானில் 1988 முதல் அரச ஒழுங்குக்குள் காசு கொடுக்கிறார்கள், அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஒருவருக்குச் சிறுநீரகம் வேண்டும், மனைவி தரத் தயார், ஆனால் இரத்த வகை பொருந்தவில்லை. இன்னொரு குடும்பத்திலும் அதே கதை. இவர் மனைவி அவருக்கும் அவர் மனைவி இவருக்கும் கொடுக்கலாம். 2004 இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இதற்கு ஒரு மையம் அமைக்க உதவியவர்களில் ஒருவர் அல்வின் ரோத். 2012 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை லொயிட் ஷாப்லியோடு பகிர்ந்தவர், விருப்பமுள்ள இருவர் செய்யும் கொடுக்கல் வாங்கலை மூன்றாமவர் அருவருப்பதைப் பற்றியே 2007 இல் தனிக் கட்டுரை எழுதியவர். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம், நாலு அறுவைச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். தன் கணவருக்குக் கிடைத்தபின் ஒருத்தி மனம் மாறினால் வழக்குப் போட்டு வாங்கவா முடியும்? ஆகவே கைமாற்று விதி எழுதும்போது, ஒருவர் வாங்கிவிட்டு நழுவினால் என்ன ஆகும் என்பதை முதலே எழுதுங்கள்.

எங்கள் தொடர்மாடியில் இதையே செய்தோம். வெளியாருக்கு வாடகை இல்லை, ஏனென்றால் இரவில் கேற் திறப்பது பாதுகாப்புப் பிரச்சினை, அது எல்லோருக்கும் நட்டம். உள்ளாட்கள் மாற்றிக்கொள்ளலாம், செக்கியூரிட்டி ஐயாவிடம் இருக்கும் கொப்பியில் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு மாற்று நீடிக்காது.

தண்டப்பணம் வைக்கும் யோசனை கட்டாயம் வரும். கவனம். இஸ்ரேலின் ஹைஃபாவில் பிள்ளைகளைப் பிந்தி வந்து கூட்டிப்போகும் பெற்றோருக்குச் சில பராமரிப்பு நிலையங்களில் தண்டம் வைத்துப் பார்த்தார்கள். பிந்தி வருவது குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. வெட்கப்பட்டு ஓடி வந்தவர்கள், இப்போது காசு கட்டுகிறோம்தானே என்று ஆறுதலாக வந்தார்கள், தண்டத்தை எடுத்த பிறகும் பழைய வெட்கம் திரும்பவில்லை. பிறத்தியார் இடத்தில் காரை விட்டால் ஆயிரம் ரூபா என்று போட்டால், சிலருக்கு அது மலிவான பார்க்கிங்.

காசு என்றாலே அழுக்கு என்று வாதாடுபவருக்குச் சீட்டை நினைவுபடுத்துங்கள். குலுக்கலில் விழுந்த முறையை ஒருவர் காசுக்கு விற்றால் மூக்கைச் சுளிப்போம், ஆனால் கழிவு கூறி எடுக்கும் ஏலச்சீட்டில் அவசரக்காரர் குறைத்து எடுப்பதும் மற்றவர்கள் அந்தக் கழிவைப் பங்கிடுவதும் யாருக்கும் உறுத்துவதில்லை. அங்கே விதி முதல் நாளே எல்லோருக்கும் தெரியும், இலாபமும் எல்லோருக்கும் போகிறது.

நாலாம் மாடி அன்ரி தன் இடத்தை மூன்றாம் மாடித் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் நின்ற நாளெல்லாம் காஸ் சிலிண்டரை மேலே தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. இது வாடகையா, உதவியா என்று கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. நானும் எழுப்பப் போவதில்லை.