பேட்டரி இறங்கிய ஸ்போர்ட்ஸ் காரின் முன்மூடியைத் திறக்கும் முறை

போர்ஷே 911 மாடல்கள் பலவற்றில் பேட்டரி முன்மூடிக்கு அடியில் இருக்க, அந்த மூடியோ மின்சாரத்தால் மட்டுமே திறப்பதால், பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் அதை நெருங்கவே வழியில்லாமல் போகிறது. இதற்கென்றே ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய பாசிட்டிவ் முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். சாவியால் கதவைத் திறந்து, வெளியிலிருந்து கொண்டுவந்த 12 வோல்ட் பேட்டரியின் சிவப்பு வயரை அம்முனையிலும், கறுப்பு வயரைக் கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியிலும் இணைத்து, சாவியிலுள்ள பொத்தானை அழுத்தினால் மூடி திறந்துகொள்ளும். அலாரம் அலறினால் பதற வேண்டாம். இந்த முனை வழியாக எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும் ஒருபோதும் முயலக் கூடாது. கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத இக்கதவை மூடும்போது வழக்கமாகச் சற்றே கீழிறங்கும் கண்ணாடி, மின்சாரம் இல்லாதபோது இறங்காது என்பதால், கதவை அறைந்து சாத்துவதையும் தவிர்ப்பது நல்லது. வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள், பேட்டரியின் வகைக்குப் பொருந்தும் பராமரிப்புச் சார்ஜரை இணைத்து வைக்கலாம். லித்தியம் பேட்டரிக்கு அதற்கான தனிச் சார்ஜரே வேண்டும்.