திறந்த ஜிப்சிக்குப் பூட்டுப் பெட்டி: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் அட்டகட்டியில் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்தால் ஜிப்சியின் பின்பக்கத் துணியில் ஜிப் பாதி திறந்து கிடக்கிறது, உள்ளே இரண்டு குரங்கு. ஒன்று என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அந்தப் பையின் பக்க உறையில்தான் சர்வே அளவுகளை எழுதும் ஃபீல்டு புக்கைச் செருகி வைத்திருந்தேன். தயிர்சாதத்தைத் தின்று முடித்துவிட்டுப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துப் பள்ளத்தில் விட்டது அது. ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலைக்காக இரண்டு நாள் வெயிலில் நின்று எடுத்த லெவல் ரீடிங், அதாவது மேடுபள்ள அளவு, அத்தனையும் போனது. மறுபடி போய் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாஃப் என்கிற அளவுக் கம்பைப் பிடிக்க வந்த பையனுக்கு அந்த இரண்டு நாள் கூலி என் கையிலிருந்துதான் போனது.

நான் பொள்ளாச்சிப் பக்கம் தனியாகத் தொழில் செய்யும் சர்வேயர். வண்டி, சாஃப்ட் டாப் (துணிக் கூரை) மாருதி ஜிப்சி கிங். கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், மேடுபள்ளம் பார்க்கும் ஆட்டோ லெவல், டோட்டல் ஸ்டேஷன் குறிபார்க்கும் பிரிசம், பேட்டரிகள் எல்லாம் பின்னால்தான் பயணம் செய்கின்றன. டோட்டல் ஸ்டேஷன் ஒன்றின் விலை லட்சங்களில். அதைக் காக்கும் சுவர் ஒரு துணியும் ஒரு ஜிப்பும். பின்கதவைப் பூட்டியிருக்கிறேன் என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வழியில்லை. பக்கத்துத் துணியைத் திறந்து கைவிட்டால் எல்லாம் எட்டிவிடும். குரங்குக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா? இந்த மாதிரி வண்டியில் நீங்கள் பொருத்தும் பெட்டிதான் ஒரே பூட்டு. அதனால் அதைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழியுங்கள். நான் அவசரப்பட்டு வாங்கிய முதல் பெட்டி இப்போது வீட்டில் மண்வெட்டி வைக்கப் பயன்படுகிறது.

எதைப் பூட்டப் போகிறீர்கள்?

வண்டியில் வழக்கமாக ஏற்றுவதை எல்லாம் ஒரு நாள் திண்ணையில் பரப்பி வையுங்கள். தொலைந்தால் தொழில் நின்றுவிடும், நனைந்தால் கெட்டுவிடும் என்பவை ஒரு பக்கம். என் கணக்கில் கருவிகள், பேட்டரி, சார்ஜர், பிரிசம், ஃபீல்டு புக், தோட்டத்துக்காரர் நம்பிக் கொடுத்த பத்திர நகல்கள். நனைந்தாலும் பாதகமில்லை, திருடவும் மாட்டார்கள் என்பவை மறுபக்கம்: கடப்பாரை, அரிவாள், முளைக்குச்சி, பெயின்ட் டப்பா. பெட்டி முதல் குவியலுக்கு மட்டும்தான். சாப்பாட்டை ஒருபோதும் அதில் வைக்காதீர்கள், வாசனைக்கே குரங்கு வந்து மூடியை நோண்டும். பெட்ரோல் கேனும் கூடவே கூடாது. மூடிய பெட்டிக்குள் ஆவி சேரும், பக்கத்திலேயே பேட்டரி இருக்கும்.

நான் சறுக்கியது ட்ரைபாடில், அதாவது கருவியை நிறுத்தும் முக்காலியில். மடக்கினாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதுவும் உள்ளே போகட்டும் என்று 4 அடிப் பெட்டி வாங்கினேன். பெஞ்ச் சீட்டை இறக்க முடியவில்லை, இரண்டு பேர் இல்லாமல் பெட்டியைத் தூக்க முடியவில்லை. இன்றைக்கு ட்ரைபாடை ஓரமாகப் படுக்கவைத்து வாரால் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். நீளமான ஒரே ஒரு பொருளுக்காகப் பெட்டியை நீட்டாதீர்கள்.

டேப்

எல்லோரும் தரையின் நீள அகலத்தைத்தான் அளக்கிறார்கள். தரையில் இடமிருந்தும் வாசலில் நுழையாத பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். பின்கதவைத் திறந்து, அந்த வாசலின் மிகக் குறுகிய இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். கதவு ரப்பர், பூட்டின் கொக்கி, கீல் எல்லாம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றையும் கழித்துத்தான் அளவு. அடுத்தது இரண்டு சக்கர மேடுகளுக்கு இடையிலான அகலம். ஜிப்சியில் பக்கவாட்டு பெஞ்சை மடக்கிய நிலையிலும் இறக்கிய நிலையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். மடக்கினால் சீட்டின் கால் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாக உயரம். துணியைத் தாங்கும் கம்பி வளைவு வரைக்கும் அல்ல, மூடி முழுதாகத் திறந்து நிற்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் கணக்கு.

பொள்ளாச்சியில் எனக்குப் பெட்டி செய்து கொடுத்த பட்டறை அண்ணன் அளவுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தகடு வெட்டீட்டா ஒட்ட முடியாதுங் தம்பி. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைல ஒண்ணு செஞ்சு வண்டீல வெச்சு ஒரு வாரம் ஓட்டீட்டு வாங்க” என்றார். அப்படியே செய்தேன். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது: பின்பக்கம் கீல் வைத்தால் மூடி துணிக் கம்பியில் இடிக்கிறது, முன்பக்கம் கீல் வைத்துப் பின்கதவிலிருந்து திறந்தால் இடிக்கவில்லை. உயரத்தையும் 2 அங்குலம் குறைத்தேன், கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸை மறைத்தது. நாற்பது வளைவுப் பாதையில் பின்னால் வரும் பஸ் தெரியாமல் ஓட்டக் கூடாது. அந்த அட்டைப் பெட்டி ஒரு ரூபாய் செலவில்லாமல் என்னை இரண்டாவது தப்பிலிருந்து காப்பாற்றியது.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம். 2020-இல் வந்த புதிய தாரில் பின்சீட் முன்பார்த்து இருந்தால், அதை நிமிர்த்திய பிறகு சாமானுக்கு மிச்சமிருப்பது ஒரு சிறு இடைவெளிதான். பின்சீட்டில் ஆள் வரும் நாள் எத்தனை, வராத நாள் எத்தனை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு ஜீப்புக்கென்று வார்த்த ரெடிமேட் பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அந்த மாடலின் தரைக்கும் அந்த மாடலின் கதவுக்கும் செய்தது.

எந்தத் தகடு?

என் பெட்டி 30 அங்குல நீளம், 24 அகலம், 14 உயரம். சுமார் 165 லிட்டர் கொள்ளும். ஆறு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர் தகடு. இதை 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் இரும்பில் அடித்தால் தகடு மட்டும் 24 கிலோ. அதைவிட மெல்லிய 18 கேஜ் என்றால் 18 கிலோ. 3 மில்லிமீட்டர் அலுமினியத்தில் பதினைந்தரை. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் கிட்டத்தட்ட 16 கிலோ வந்துவிடும், மரம் லேசு என்று நினைத்திருந்த எனக்கு இது ஆச்சரியம். இதற்கு மேல் ஃப்ரேம், கீல், பூட்டு. கேட்பதற்கு வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். பின்கதவு உயரத்துக்குத் தனியாளாகத் தூக்கி வெளியே எடுக்கும்போது இடுப்பு சொல்லும். கழற்றக் கஷ்டமான பெட்டியைக் கழற்றவே மாட்டீர்கள், அப்புறம் வண்டி ரெண்டு சீட்டர் ஆகிவிடும்.

நான் எடுத்தது 3 மில்லிமீட்டர் அலுமினியம். இரும்பைவிடச் செலவு அதிகம், ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் மலை மழையில் துருப் பிடிக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், இடையில் ரப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். கையில் காசு குறைவென்றால் 18 கேஜ் ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) நல்ல தேர்வு. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன கோடுகளில் ஜிங்க் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை மட்டும். பிளாஸ்டிக் பெட்டி லேசு, தண்ணீர் புகாது. ஆனால் வெயிலில் காலப்போக்கில் நொறுங்கும், போல்ட் போட்ட இடம் பிய்த்துக்கொள்ளும். பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியையே அறுக்கலாம். சாமானுக்குச் சரி, கருவிக்குச் சரியில்லை.

எந்தத் தகடானாலும் வெளிர் நிறம் பூசுங்கள். கறுப்புப் பெட்டி துணியைச் சுருட்டிவிட்ட வண்டியில் மதிய வெயிலில் நின்றால் உள்ளே பேட்டரி வெந்துவிடும்.

மூடிதான் பெட்டி

முதல் பெட்டியில் மூடி விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது. ஒரு ஜூன் மழையில் அந்தக் கோட்டில் தேங்கிய தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஆட்டோ லெவலில் கண்ணை வைத்தால் சிலந்தி வலை மாதிரி ஓர் இழை. லென்ஸில் பூஞ்சை. சுத்தம் செய்து வாங்கினேன், முன்பிருந்த தெளிவு திரும்பவில்லை.

நம் வீட்டு டிரங்குப் பெட்டியைப் பாருங்கள். மூடி நாலு பக்கமும் ஒரு அங்குலம் கீழே இறங்கி உடலை மூடியிருக்கும். மேலே விழும் தண்ணீர் வழிந்து வெளியே போகும், கோட்டைத் தேடி உள்ளே வராது. அந்த அமைப்பைக் கேளுங்கள். அதோடு உள்விளிம்பைச் சுற்றி ஒரே துண்டாக ரப்பர் பீடிங். இணைப்பு கீல் பக்கம் வரட்டும். தூசுக்கும் இதுதான் மருந்து. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சக்கரம் கிளப்பும் புழுதி திரும்ப உள்ளே இழுக்கப்படும். மார்ச் மாதத்து எஸ்டேட் ரோட்டில் போனவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். மூடியின் விளிம்பில் ஒரு தாள் துண்டை வைத்துப் பூட்டி இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும், சுளுவாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கவில்லை. இரண்டு கை அகலத்துக்கு ஓர் இடமாகச் சுற்றிலும் பாருங்கள். இரவில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடி, விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிந்தால் தண்ணீரும் கசியும்.

இறுக்கமான பெட்டிக்கு வேறொரு தொல்லை உண்டு. பனியில் வேலை முடித்து ஈரக் கருவியை உள்ளே வைத்துப் பூட்டினால் அந்த ஈரம் வெளியேறவே வழியில்லை. துடைத்து வையுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். என்னுடையது நீலம்; ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் இதற்கென்றே வைத்திருக்கும் பழைய வாணலியில் சிறுதீயில் சூடாக்குவேன். மணி மணியாக நீலம் திரும்பி வருவதைப் பார்த்தபின்தான் பையில் போடுவது. வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்தே வைப்பது இன்னும் நல்லது.

பூட்டும் போல்ட்டும்

தொங்கும் பூட்டு வேண்டாம். அதன் வளையம் வெளியே தெரிந்தால் கடப்பாரைக்கு இடம் கொடுத்த மாதிரி, அந்தக் கடப்பாரையும் நம் வண்டியிலேயே கிடக்கிறது. உள்ளே பதிந்த பூட்டு, இரண்டு மூலையிலும் தாழ் விழுகிற மாதிரி. கீலின் ஊசியும் வெளியே தெரியக் கூடாது. மூடி முழு நீளத்துக்கும் ஒரே கீலாக உள்பக்கம் வைத்தால் நெம்ப முடியாது.

பெட்டியை வண்டியோடு பிணைப்பதைத் திருட்டுக்காக மட்டும் நினைக்காதீர்கள். கருவிகளோடு என் பெட்டி 30 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத பெட்டி உங்கள் முதுகை நோக்கி வரும் வேகம் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழும் வேகம். எலாஸ்டிக் கயிற்றில் கட்டி மலையிறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

நான்கு 8 எம்.எம். போல்ட் போதும், ஆனால் பெட்டியின் உள்ளிருந்து கீழே இறங்க வேண்டும். மூடி பூட்டியிருந்தால் போல்ட் தலை யாருக்கும் எட்டாது. தரைக்கு அடியில் வாஷர் மட்டும் போட்டால் மெல்லிய தரைத் தகடு கிழியும். ஒரு பட்டைத் தகட்டில் இரண்டிரண்டு நட்டை வெல்டிங் வைத்து அடியில் பொருத்தச் சொல்லுங்கள். அப்புறம் மேலிருந்து 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே போதும், அடியில் படுத்து யாரும் நட்டைப் பிடிக்க வேண்டியதில்லை. துளை போடும் முன் கட்டாயம் அடியில் படுத்துப் பாருங்கள். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கத் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. பிரேக் பைப்பும் வயரும் அந்தப் பக்கமே ஓடுகின்றன. ஏற்கனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்த முடிந்தால் அதுவே சிறப்பு.

பெட்டியைப் பின்கதவை ஒட்டி வைக்காமல், கை எட்டும் அளவுக்கு முன்னால் தள்ளி வையுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்கினால் ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். அடியில் நாலு மூலையிலும் ஒரு அங்குல ரப்பர் கட்டை கொடுத்தால் தரைத் தண்ணீர் கீழே ஓடிவிடும், கடகட சத்தமும் இருக்காது.

சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டி வைக்கலாமே என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பெஞ்சை மடக்கி நடுவில் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றிப் பெஞ்சை இறக்கிப் பிள்ளைகளோடு ஆழியாறு. எனக்கு இப்போது கழற்ற எட்டு நிமிடம் ஆகிறது. இரண்டு பக்கமும் மடங்கும் கைப்பிடி வைத்திருக்கிறேன்; கருவிகளை முதலில் எடுத்துவிட்டால் தூக்குவதில் சிரமமில்லை.

பொருத்தி முடித்து முதல் 200 கிலோமீட்டர் ஓட்டியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். ரப்பர் அமுங்கியிருக்கும். எனக்கு நான்கு போல்ட்டில் மூன்று, தலா அரைச் சுற்று இறங்கின.