மார்கழி தும்மல், தூசி அலர்ஜி: வேலூர் பக்கம் இருக்கறவங்க என்ன பண்ணலாம்

காலைல எழுந்ததும் வரிசையா தும்மல், மூக்குல தண்ணியா ஊத்துது, கண்ணு அரிக்குது, மேல்வாய் உள்ள நமநமன்னு இருக்குது, வெயில் ஏறினா தானா அடங்குது, மறுநாள் காலைல மறுபடியும் அதே கதை. இப்படி இருந்தா பெரும்பாலும் அது சளி இல்லைங்க, அலர்ஜி. சளின்னா உடம்பு வலிக்கும், சில பேருக்கு காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். அலர்ஜில காய்ச்சல் வராது, அரிப்புதான் பெரிய அடையாளம், வாரக்கணக்குல இழுத்துக்கினே போகும். இத முதல்ல பிரிச்சி பாத்துக்கோங்க, ஏன்னா தும்மினாலே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப இருக்கு, அலர்ஜிக்கு அது எதுவுமே பண்ணாது.

வெளிநாட்டுல வசந்த காலத்துல புல்லும் மரமும் பூக்கறப்போ வர்றத ஹே ஃபீவர்னு சொல்றாங்க. அந்த கணக்கு நமக்கு அப்படியே ஒத்துவராது. இங்க ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் காலி மனைல எல்லாம் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையா பூத்து நிக்கும், ஏரிக்கரை ஓரமா வேலிகாத்தான் இருக்கும், மார்கழில பரண்ல கெடந்த கம்பளி இறங்கும், போகி அன்னிக்கு ஊரே புகை. மல்லாட்டை புடுங்கி காய வெச்சா ஒரு தூசி, நெல்லு அடிச்சா ஒரு தூசி. கோடைல தண்ணியில்லாத பாலாத்துலேர்ந்து காத்தோட மணலும் வரும். அதனால உங்களுக்கு எது ஒத்துக்கலன்னு கண்டுபுடிக்கறதுதான் பாதி வைத்தியம். ஃபோன்ல ஒரு நோட் போட்டு, எப்ப தும்மல் வந்துச்சு, அப்ப எங்க இருந்தீங்க, என்ன பண்ணீங்கன்னு ரெண்டு மூணு வாரம் எழுதுங்க. வீட்டுக்குள்ள படுக்கைல இருக்கும்போது அதிகமா, வெளிய போனா கொறையுதா? அப்ப பூவ குத்தம் சொல்லாதீங்க, மெத்தைய பாருங்க.

மெத்தை, தலகாணி, கம்பளில கண்ணுக்கே தெரியாத பூச்சி இருக்கு, டஸ்ட் மைட்னு சொல்லுவாங்க. நம்ம தோல்லேர்ந்து உதிர்ற செதில தின்னு வாழுது, அதோட கழிவுதான் நம்ம மூக்குக்கு ஆகாது. பெட்ஷீட், தலகாணி உறைய வாரத்துக்கு ஒரு தடவ 60 டிகிரி சூடு தண்ணில துவைங்க, வாஷிங் மெஷின்ல ஹாட் செட்டிங் இருக்கும். பரண்லேர்ந்து எடுத்த கம்பளிய அப்படியே போத்தாதீங்க, துவைச்சி நல்லா வெயில்ல காய வெச்சிட்டு அப்பறம் போத்துங்க, நமக்கு வெயிலுக்கா பஞ்சம். ஆனா அத உதர்றது அலர்ஜி இல்லாதவங்க வேலையா இருக்கட்டும். தரைய பெருக்கறதுக்கு பதில் ஈரத்துணி போட்டு தொடச்சா தூசி பறக்காது.

இன்னொன்னு, இத யாரும் யோசிக்கறதில்ல, ஏர் கூலர். சித்திரை வைகாசில கூலர் இல்லாம வேலூர்ல தூங்க முடியாது, சரிதான், ஆனா போன வருஷத்து பேட (தண்ணில நனைஞ்சி காத்த குளிர வைக்கற தட்டி) மாத்தாம, தொட்டித் தண்ணி பாசி புடிச்சி கெடக்க, ஜன்னல மூடிக்கினு ஓட்டினா பூஞ்சை மொத்தமும் நேரா மூஞ்சிக்குதான் வரும். ரூம்ல ஈரப்பதம் ஏறிச்சின்னா டஸ்ட் மைட்டும் நல்லா வளரும். சீசன் ஆரம்பத்துல புது பேட் போடுங்க, தண்ணிய அடிக்கடி மாத்தி தொட்டிய தேய்ச்சி கழுவுங்க, ஜன்னல கொஞ்சம் தொறந்து வைங்க.

வெளிய வண்டில போறவங்க மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் மூஞ்சி கழுவி சட்டைய மாத்துங்க, அந்த சட்டையோட கட்டில்ல படுக்காதீங்க. வீட்டுப் பக்கத்துல பார்த்தீனியம் இருந்தா பூக்கறதுக்கு முன்னாடியே கையுறை போட்டுக்கினு வேரோட புடுங்கணும், வெறுங்கைல தொட்டா சில பேருக்கு தோல் தடிச்சி அரிக்கும். அலர்ஜி இருக்கறவரு புடுங்கவே வேணாம்.

இப்ப மருந்து. மெடிக்கல் ஷாப்புல "அண்ணா தும்மல் மாத்திரை ஒண்ணு குடுங்க"ன்னா கைக்கு வர்றது செட்ரிசின் 10 மில்லிகிராம் இல்லன்னா லெவோசெட்ரிசின் 5. தும்மல், அரிப்பு ரெண்டுக்கும் நல்லா கேக்கும், ஆனா தூக்கம் வரும், நைட்ல போடறது நல்லது. அவில்னு ஒரு மாத்திரை, அதவிட தூக்கம், போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க. ஃபெக்ஸோஃபெனடின்ல தூக்கம் ரொம்ப கம்மி, ஆனா அத ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட போட்டா உடம்புல சரியா ஏறாது, வெறும் தண்ணிதான். பிபி இருக்கறவங்க மூக்கடைப்புக்கும் சேத்து வர்ற கோல்ட் மாத்திரைய கேக்காம போடக்கூடாது.

தும்மலோட மூக்கடைப்பும் தினமும் இருக்குன்னா மாத்திரைய விட மூக்குல அடிக்கற ஸ்ப்ரேதான் பெட்டர், ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் மாதிரி. டாக்டர்கிட்ட காட்டி வாங்குங்க. ஸ்டீராய்டுன்னு கேட்டதும் பயந்துடறாங்க, பயப்பட வேணாம், இது மூக்கு உள்ள மட்டும் வேலை செய்யுது, ரத்தத்துல சேர்றது ரொம்ப கொஞ்சம். ரெண்டு நாள் அடிச்சிட்டு கேக்கலன்னு தூக்கிப் போடறவங்கதான் அதிகம். முழு பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், தினமும் விடாம அடிக்கணும். மார்கழில வருஷாவருஷம் வருதுன்னா கார்த்திகை கடைசிலயே ஆரம்பிச்சிடுங்க.

அடிக்கற விதத்துலதான் எல்லாமே இருக்கு. மொதல்ல மூக்க சிந்திக்கோங்க, பாட்டில குலுக்குங்க, தலைய லேசா முன்னாடி குனிங்க, அண்ணாந்து பாக்காதீங்க. வலது கைல புடிச்சி இடது மூக்குல, இடது கைல புடிச்சி வலது மூக்குல. அப்படி மாத்திப் புடிச்சா நுனி தானா அந்தப் பக்கத்து காதப் பாத்து திரும்பும். மூக்கு நடுவுல இருக்கற தண்டப் பாத்து அடிச்சா எரியும், ரத்தம் கூட வரும். மெதுவா மூச்சு இழுத்தா போதும், சர்ருன்னு உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போயிடும், கசப்பு தெரிஞ்சா உறிஞ்சிட்டீங்கன்னு அர்த்தம்.

இதையும் அடைப்பு சொட்டு மருந்தையும் குழப்பிக்காதீங்க. ஸைலோமெட்டாஸோலின், ஆக்ஸிமெட்டாஸோலின் சொட்டு போட்ட உடனே மூக்கு தொறக்கும், அதனாலயே விட முடியாம போயிடும். மூணு நாளு, மிஞ்சிப்போனா அஞ்சு நாளுக்கு மேல போட்டா மருந்தாலயே மூக்கு அடைக்க ஆரம்பிக்கும்.

உப்புத் தண்ணில மூக்கு கழுவறதும் நல்லாவே உதவும். மெடிக்கல்ல பாக்கெட்டும் பாட்டிலும் சேத்தே கெடைக்கும். குழாய் தண்ணி, போர் தண்ணி நேரா வேணவே வேணாம், கொதிக்க வெச்சி ஆற வெச்ச தண்ணிதான். கொதிக்க வைக்காத தண்ணில அமீபா இருந்து மூக்கு வழியா மூளைக்குப் போச்சின்னா உசுருக்கே ஆபத்து, பக்கத்து கேரளால நடந்துருக்கு. ஆவி புடிச்சா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்ளோதான், சின்ன பசங்கள சுடுதண்ணி பாத்திரத்துகிட்ட விடாதீங்க.

கடைல சீட்டு இல்லாம கலர் கலரா மாத்திரை பிரிச்சிக் குடுத்தா வாங்காதீங்க. அதுல பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை இருந்தா ஒரே நாள்ல சுகமாயிடும், ஆனா மாசக்கணக்குல போட்டா சுகர், பிபி, எலும்பு எல்லாத்தையும் கெடுக்கும்.

மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம் இருந்தா ஆஸ்துமாவா பாக்கணும், தள்ளிப் போடாதீங்க. ஒரு பக்க மூக்குல மட்டும் அடைப்பு, ரத்தம்னாலும் காட்டணும். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிலயும் சிஎம்சிலயும் ஈஎன்டி (காது மூக்கு தொண்டை) பிரிவு இருக்கு. தோல்ல குத்திப் பாக்கற அலர்ஜி டெஸ்ட் எழுதினாங்கன்னா ரிசல்ட் கால் மணி நேரத்துல தெரியும், ஆனா செட்ரிசின் மாதிரி மாத்திரைய ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், எப்ப நிறுத்தறதுன்னு அவங்களையே கேட்டுக்கோங்க. அதுக்கப்பறம் அலர்ஜி ஊசி (ஒத்துக்காதத கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்கு பழக்கற ஊசி) ஆரம்பிச்சா மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் ஓடும், அத ஒத்துக்கறதுக்கு முன்னாடி செலவு, எத்தன தடவ வரணும்னு எல்லாத்தையும் கேட்டு முடிவு பண்ணுங்க. போகும்போது இதுவரைக்கும் போட்ட மாத்திரை அட்டைங்கள கையோட எடுத்துக்கினு போங்க.