ஜாஸ் யுக அமெரிக்காவை எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

1920-களின் அமெரிக்காவைக் களமாக வைத்த கதைகளும் கட்டுரைகளும் அடிக்கடி என்னிடம் சரிபார்க்க வருகின்றன. ஆட்கள் புதியவர்கள், தவறுகள் மட்டும் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள். ஆண்டுக் குழப்பம், பெயர்ப் பிழை எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை யாரும் திருத்திவிடலாம்.

மதுவிலக்கு என்றால் குடிப்பதே குற்றம்

இதில்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சமீபத்தில் ஒரு சிறுகதை வந்தது. 1925, நியூயார்க். ஒரு வக்கீல் தன் வீட்டில் விஸ்கி கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் நுழைகிறது, கையும் களவுமாகக் கைது. கதையின் முடிச்சே அந்தக் கைதுதான். அதை உருவினால் மிச்சம் ஒன்றுமில்லை. நடை நன்றாக இருந்தும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18-வது திருத்தம் தடுத்தது மதுவின் தயாரிப்பையும் விற்பனையையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதையும். குடிப்பதை அல்ல. தடைக்கு முன் வாங்கியதை வீட்டில் வைத்துக் குடிக்கலாம், விருந்தாளிக்கும் ஊற்றலாம் என்று அந்தத் திருத்தத்தை அமல்படுத்த வந்த வால்ஸ்டெட் சட்டமே இடம் விட்டது. விற்பனை நடப்பதாகக் காட்டாமல், ஒருவர் குடியிருக்கும் வீட்டைச் சோதனையிட வாரண்டும் கிடைக்காது. போதாக்குறைக்கு, நியூயார்க் மாநிலம் தன் சொந்த மதுவிலக்குச் சட்டத்தை 1923-லேயே ரத்து செய்துவிட்டது. கதையில் வருபவரோ வக்கீல்! வாசலிலேயே சட்டம் பேசி அனுப்பியிருக்க மாட்டாரா?

நம்மவர்கள் இப்படி எழுதுவதற்குக் காரணம் புரிகிறது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கில் குடிப்பதும் குற்றம். அந்த ஞாபகத்தை அப்படியே அமெரிக்காவில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

இதனால் கைநழுவிப் போவது அந்தக் காலத்தின் உண்மையான கதை. தடை அமலுக்கு வந்த 1920 ஜனவரி 17-க்குள் காசுள்ளவர்கள் நிலவறைகளை நிரப்பிக்கொண்டார்கள், குடித்ததெல்லாம் சட்டப்படி. டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக் கடையிலேயே விஸ்கி, பத்து நாளைக்கு ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு). கலிஃபோர்னியாவில் காய்ந்த திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்றார்கள். தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும் என்று அதில் எச்சரிக்கை வேறு! அது எச்சரிக்கையா, செய்முறையா? கூலித் தொழிலாளிக்கு இதெல்லாம் ஏது? அவன் போய்வந்த சலூன் (அங்கே மதுக்கடைக்கு அதுதான் பெயர்) மூடிக் கிடந்தது. அப்புறம் அவனுக்குக் கிடைத்தது கள்ளச்சாராயம்தான். சில சமயம் தொழிற்சாலை ஆல்கஹாலில் கலந்திருந்த மெத்தனால் என்ற விஷமும் சேர்ந்தே உள்ளே போனது, செத்தவர்கள் உண்டு.

ஹார்லெம் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஆடினார்கள்

ஹார்லெம், நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே சில இடங்களில் ஆடினார்கள். காட்டன் கிளப்பில் இல்லை. 1927 டிசம்பரிலிருந்து அங்கே கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டன் வாசித்தார். மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். கிளப்பின் பெயரைப் போடுமுன் அங்கே யாரை உள்ளே விட்டார்கள் என்று பாருங்கள்.

எல்லோர் கையிலும் பணம்

விவசாயியைக் கேளுங்கள். 1920-லேயே விளைபொருள் விலை சரிந்துவிட்டது.

1919-ல் ரேடியோவில் ஜாஸ்

அமெரிக்காவின் முதல் வணிக வானொலி நிலையமாகச் சொல்லப்படும் பிட்ஸ்பர்கின் கேடிகேஏ ஒலிபரப்பைத் தொடங்கியதே 1920 நவம்பரில். கிராமஃபோன் வையுங்கள்.