ஷாமொனியிலிருந்து 3842 மீட்டருக்கு: குளிர்காலக் கேபிள் கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் ஷாமொனி ஊரில் கேபிள் காரில் ஏறினால், நடுவில் ஒருமுறை வண்டி மாறி, இருபது நிமிடத்தில் மோன் பிளாங் மலைத்தொடரில் உள்ள எகுய் டு மிடி உச்சிக்குப் போய்விடலாம். ஊர் இருப்பது 1035 மீட்டர் உயரத்தில். மேலே பார்வை மேடை 3842 மீட்டரில். 1955-இல் இந்தக் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. இடைநிலையமான பிளான் டி லெகுய்க்கு மேலே போகும் இரண்டாம் கட்டத்தில், கம்பியைத் தாங்க வழியில் ஒரு தூண்கூடக் கிடையாது. பாறைச் சுவரை ஒட்டி அப்படியே தூக்கிக்கொண்டு போகும்.

ஏறுவது இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் பிரச்சினையே. மலையேறிகள் ஒரு காலத்தில் நாள்கணக்கில் பாடுபட்டுச் சென்ற உயரத்துக்கு, காலையில் காபி குடித்த கையோடு போய் நிற்கிறோம். அதனால் அதை ஒரு கோபுரத்தைப் பார்க்கப் போவதுபோல நினைத்துவிடுகிறோம். குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன. அது உண்மையான உயர்மலை. அங்கே எந்த நாளில் போகலாம் என்பதை முடிவு செய்வது வானிலைதான், நம் காலண்டர் இல்லை.

ஒரே ஒரு நாளை ஒதுக்குவது

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். ஐரோப்பியப் பயணத் திட்டத்தில் "புதன்கிழமை: மோன் பிளாங் மலை" என்று மாதக்கணக்கில் முன்பே எழுதிவிடுகிறார்கள். அந்தப் புதன்கிழமை மேலே பலமான காற்று அடித்தால் கேபிள் கார் ஓடாது. கீழே வானம் நீலமாக, வெயில் பளபளவென்று இருக்கும்போதே மேலே காற்றுக்காக மூடியிருப்பார்கள். டிக்கெட் கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. தூணே இல்லாத கம்பியில் தொங்கும் பெட்டியைக் காற்றில் ஓட்டாமல் நிறுத்துவது நம் நன்மைக்குத்தான்.

முடிந்தால் ஷாமொனியிலோ ஜெனிவாவிலோ மூன்று நாள் தங்குவதுபோலத் திட்டமிடுங்கள். அதில் எந்த நாள் மலைக்கு என்பதை முதல் நாள் மாலை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். மற்ற நாள்களுக்கு ஊர் சுற்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமான காலத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது, மூடிவிட்டால் பணம் திரும்புமா, தேதியை மாற்றலாமா என்ற விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டிக்கெட் விலை ஒன்றும் குறைவில்லை, குடும்பமாகப் போனால் நன்றாகவே கனக்கும்.

வானிலை பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கைப்பேசியில் "ஷாமொனி" என்று தட்டினால் வருவது பள்ளத்தாக்கின் வானிலை. உச்சியின் கதை வேறு. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கி நிற்கும். அதன்மேல் மேகம் மூடிபோட்டதுபோல் படியும். ஊரில் நின்று பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறம். "இன்றைக்கு ஒன்றும் தெரியாது" என்று திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் அதே நேரத்தில் மேகத்துக்கு மேலே சுத்தமான வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேகக்கடலுக்கு மேல் சிகரங்கள் தீவுகள்போலத் தெரியும் காட்சி, குளிர்காலத்தில் கிடைக்கும் ஆகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. அதைக் கீழே நின்றபடியே இழந்துவிடாதீர்கள். கேபிள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் உச்சியிலிருந்து நேரடிக் கேமரா படம் வரும். கிளம்புமுன் அதைப் பாருங்கள்; உச்சியின் வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எது மூடியிருக்கும் என்று தெரியாமல் போவது

கேபிள் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக மூடுவார்கள். அது பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் வரும், டிசம்பர் நடுப்பகுதி வரைகூட நீளலாம். தீபாவளி விடுமுறையை ஒட்டிக் கிளம்புகிறவர்கள் இதில் சரியாக மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று, எகுய் டு மிடியிலிருந்து பனியாற்றின் மேலாக இத்தாலி எல்லையில் உள்ள புவான்ட் எல்ப்ரோனர் வரை போகும் சிறு பெட்டிகள். சுமார் 5 கிலோமீட்டர் தூரம், அருமையான பயணம். ஆனால் அது கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் ஓடாது. பழைய பயணக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "அப்படியே இத்தாலிக்குப் போய் மதிய உணவு" என்று திட்டம் போடாதீர்கள். அந்தப் பக்கம் பார்க்க ஆசை என்றால் மோன் பிளாங் சுரங்கச் சாலை வழியாகக் கூர்மாயோர் ஊருக்குப் போய், 2015-இல் திறந்த ஸ்கைவே கேபிள் காரில் ஏற வேண்டும். அது தனியாக ஒரு நாள் வேலை.

ஜெனிவாவில் தங்கியிருப்பவர்கள் கவனிக்க: ஷாமொனி பிரான்சில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகள் என்பதால் தனி விசா தேவையில்லை, ஆனால் பேருந்தை எல்லையில் நிறுத்திச் சோதிப்பதுண்டு. பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. அந்தச் சனிக்கிழமைகளில் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வருவோரும் போவோருமாகச் சாலை அடைத்துக்கொள்ளும். வாரநாளாகப் பார்த்துப் போங்கள். வாடகைக் கார் எடுத்தால் குளிர்கால டயரோ, டயருக்கான சங்கிலியோ இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அது சட்டப்படி கட்டாயம்.

உடையும் கண்ணும்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் பூஜ்ஜியம் என்றால் மேலே மைனஸ் 15, மைனஸ் 20 சாதாரணம். அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 27 போல உறைக்கும். மூக்கு நுனியும் காது மடலும் விரல்களும்தான் முதலில் மரத்துப்போகும்.

நம் ஆட்கள் செய்யும் தவறு, ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை வாங்கி, உள்ளே பருத்திச் சட்டை, கீழே ஜீன்ஸ் என்று போவது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உள்ளே கம்பளியிலோ செயற்கை இழையிலோ தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். இப்படி அடுக்காகப் போட்டால், நிலையத்துக்குள் சூடாக இருக்கும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். காலுக்கும் தெர்மல் வேண்டும், அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சேலையோ சுடிதாரோ கட்டாயம் வேண்டும் என்றால் அதனடியில் தெர்மலும் கம்பளிக் காலுறையும் போடுங்கள். செருப்பு, மென்மையான அடிப்பாகம் கொண்ட ஷூ எதுவும் வேண்டாம். மேடைகளிலும் படிகளிலும் பனி இறுகி வழுக்கும்.

கையுறை ஒரு ஜோடி மட்டும் இருந்தால், படம் எடுப்பதற்காக அதைக் கழற்றிக் கழற்றியே விரல் விறைத்துவிடும். மெல்லியது ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கைப்பேசி பேட்டரி மளமளவென்று இறங்கி, திடீரென அணைந்தும் போகும். உட்பையில், உடம்போடு ஒட்டியபடி வையுங்கள். டிக்கெட் கைப்பேசியில் மட்டும் இருந்தால் காகிதத்திலும் ஒன்று அச்சிட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் வெயில். குளிரும்போது வெயிலைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது. ஆனால் உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆக, கதிர் மேலிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது. கண்ணாடி இல்லாமல் நின்றால் கண்ணின் மேற்பரப்பு வெந்துபோகும். கொடுமை என்னவென்றால், அது உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில் விடுதிக்கு வந்தபின் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரிச்சலும் நீரும் தொடங்கும். ஃபேஷனுக்காக வாங்கிய கூலிங் கிளாஸ் போதாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடியாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் தனியாக வாங்குங்கள். சன்ஸ்கிரீனை மோவாய்க்கு அடியிலும் தடவுங்கள். பனியிலிருந்து வரும் கதிர் அங்கேதான் படும்.

உயரத்தை அலட்சியம் செய்வது

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உடம்பு பழக நாள்கள் ஆகும், நாமோ இருபது நிமிடம்தான் கொடுக்கிறோம். கதவு திறந்ததும் பிள்ளைகள் படியில் ஓடுவார்கள், பின்னாலேயே அப்பாவும் ஓடுவார். பத்துப் படியில் மூச்சு வாங்கி, தலை சுற்றும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். போகும்போது பிளான் டி லெகுயில் இறங்கி அரைமணி நேரம் இருந்துவிட்டு ஏறினால் அந்தத் திடீர் மாற்றம் கொஞ்சம் குறையும். 2317 மீட்டரில் அந்த இடமும் பார்க்க அழகானது, பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உச்சிக்கு அனுமதிப்பதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். இதைக் கவுன்டரில் போய்த் தெரிந்துகொண்டால் குடும்பத்தில் யாராவது ஒருவர் கைக்குழந்தையோடு கீழே நிற்க வேண்டிவரும். கைக்குழந்தைக்குக் காது அடைத்தால் அதைச் சொல்லவும் தெரியாது, சரிசெய்துகொள்ளவும் தெரியாது. பெரியவர்கள் எச்சில் விழுங்கியோ சூயிங்கம் மென்றோ சமாளிக்கலாம், ஆனால் கடுமையான சளி இருக்கும் நாளில் அதுவும் கைகொடுக்காது. இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை ஆசையாகக் கூட்டிப்போகும் பிள்ளைகள் இதில் வெட்கப்படாமல் கேளுங்கள். மேலே போனபின் தலைவலியோ குமட்டலோ வந்தால், "இவ்வளவு காசு கொடுத்து வந்தோமே" என்று பொறுத்துக்கொண்டு நிற்காமல் அடுத்த வண்டியில் இறங்குவதுதான் மருந்து.

மேலே போனபின்

பனியைக் குடைந்து செய்த ஒரு சுரங்கம் அங்கே உண்டு. அதன் முடிவில் உள்ள வாயிலைத் தாண்டினால் கத்திமுனைபோல ஒரு பனி முகடு, இரு பக்கமும் சரிவு. வல்லே பிளான்ஷ் என்னும் பனியாற்றில் சுமார் 20 கிலோமீட்டர் சறுக்கிப் போகிறவர்கள் கயிறும் காலில் இரும்பு முள்ளும் கட்டிக்கொண்டு அந்த வழியாக இறங்குவார்கள். அவர்கள் போவதைப் பார்த்து "நாமும் நாலு அடி போய் ஒரு படம்" என்று யாரும் தாண்டக் கூடாது. சுரங்கத்தின் வாயிலிலேயே நின்று பாருங்கள், போதும்.

கண்ணாடி அறையின் முன் மட்டும் வரிசையில் நின்று, நேரம் முழுவதையும் அங்கேயே செலவழிப்பதும் வீண்தான். 2013 டிசம்பரில் திறந்த அந்த அறையில் காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டர் வெறும் காற்று, பார்க்க வேண்டியதுதான். ஆனால் வரிசை நீளமாக இருந்தால் முதலில் மேல் மேடைக்கு லிப்டில் ஏறுங்கள். தெளிவான நாளில் தூரத்தில் மேட்டர்ஹார்ன் தெரியும். எதிரே மோன் பிளாங். 1950-லும் 1966-லும் ஏர் இந்தியா விமானங்கள் மோதி விழுந்தது அந்த மலையில்தான். 1966 ஜனவரி 24-இல் மோதிய விமானத்தில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் இருந்தார். மொத்தம் 117 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானங்களின் மிச்சங்களை மலையின் பனியாறு இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்தியர்கள் அங்கே நிற்கும்போது ஒரு நிமிடம் அவர்களை நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டமான நாள்களில் இறங்குவதற்கும் வரிசை உண்டு, வண்டி எண் போட்ட சீட்டும் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் மாலை சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் ஜெனிவா பேருந்தைக் கடைசி நிமிடக் கணக்கில் பதிவு செய்யாதீர்கள்.

மாற்றுத் திட்டம் இல்லாமல் போவதையும் தவிர்க்க வேண்டும். எகுய் டு மிடி மூடியிருந்தால், எதிர்ப்பக்கம் 2525 மீட்டர் உயரமுள்ள பிரேவான் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தெற்கு நோக்கிய சரிவு, வெயில் நன்றாக விழும்; மோன் பிளாங்கை முழுதாகப் பார்க்க அதுவே மேலான இடம் என்பேன். அங்கும் காற்று என்றால் மோன்டான்வேர் ரயில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக ஓடும் பல்சக்கர ரயில் அது. 1913 மீட்டரில், மேர் டி கிளாஸ் பனியாற்றைப் பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் விடும். உயரம் குறைவு என்பதால் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு, எகுய் டு மிடி திறந்திருக்கும் நாளிலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.